தகுதி எனும் தாழ்ப்பாள்

தகுதி! மூன்றே எழுத்து. ஆனால், இந்த மூன்றெழுத்து திறந்துவிட்ட கதவுகளைக் காட்டிலும் அடைத்துவிட்ட கதவுகளே அதிகம். கோயில் வாசலில் நின்றவனைப் பார்த்துக் கேட்டனர், தகுதி உண்டா என்று. பள்ளி வாசலில் நின்றவனைப் பார்த்துக் கேட்டனர், தகுதி உண்டா என்று. இன்று அவன் பேத்தி பட்டத்தின் வாசலில் நிற்கிறாள். அவளையும் பார்த்துக் கேட்கின்றனர், அதே கேள்வியை!

தோழர்களே! நீலமலையில், உதகையை அடுத்த பெர்ன்ஹில்லுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். ஒருபுறம், மைசூர் மன்னர்கள் கோடையைக் கழித்த அரண்மனை. மறுபுறம், பனி விலகுமுன்னே கேரட் அறுவடைக்குப் புறப்படும் கூலிப் பெண்களின் குடியிருப்புகள். சிறிது தொலைவில் உதகை நகரம். கோடைதோறும் சென்னை மாகாண ஆட்சியே மலையேறி வந்து தங்கிய ஊர் அது. அங்கே, 1822இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் எழுப்பிய கல் பங்களா இருக்கிறது. வெள்ளையன் அவ்வூரில் கட்டிய முதல் மாளிகை. அந்த வளாகத்தில் 1955இல் அரசினர் கலைக் கல்லூரி தோன்றியது. ஆண்டவனின் மாளிகை இருந்த இடத்தில், ஆளப்பட்டவனின் பிள்ளை அமர்ந்து வரலாறு படிக்கிறான். இதனினும் இனிய பழிவாங்கல் வேறு உண்டோ?

அக்கல்லூரிக்குப் பெர்ன்ஹில்லிலிருந்து செல்லும் ஒரு மாணவியை மனக்கண்முன் நிறுத்துங்கள். தாய் விடியுமுன்னே வயலுக்குப் போய்விட்டாள். தம்பிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, பேருந்தைப் பிடித்து, நனைந்த புடவைத் தலைப்போடு வகுப்பில் அமர்கிறாள். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்தவர் அவளுக்கு முன் எவருமில்லை. தேர்வில் அவள் பெற்றது 71 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்த எழுபத்தொன்று சிறிதா, பெரிதா? சிறிது என்கிறது விதி.

எந்த விதி? 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பு. மூன்றாண்டு படித்தால் வெறும் பட்டம். நான்காண்டு படித்தால் ஆனர்ஸ். அந்த நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிப் பிரிவை எடுக்க வேண்டுமா, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் வந்த முனைவர் பட்ட விதிகளோ, நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலை படிக்காமலே ஆராய்ச்சிக்குச் செல்லலாம் என்றன. ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு தந்தனர். தளர்த்திய பின்னும் பெர்ன்ஹில்லின் மகள் ஒரு விழுக்காடு தாண்டி உள்ளே நுழையலாம். ஆனால், அதற்கு அவள் கல்லூரியில் நான்காம் ஆண்டு இருக்கவேண்டுமே! ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் நிலையான பேராசிரியர்கள் இருக்கவேண்டுமே! நூல்நிலையம் இருக்கவேண்டுமே!

தமிழ்நாடு அந்தக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. ஏற்றுப் பார்த்த கர்நாடகம், 2024இல் மூன்றாண்டுப் படிப்புக்கே திரும்பியது. அப்படியாயின் நமக்கென்ன என்று வாளாவிருக்க இயலுமா? ஆராய்ச்சிக்கான விதி நாடு முழுமைக்கும் ஒன்று. செல்வர் வீட்டுப் பிள்ளை குறுக்கு வழியில் ஏறிவிடுவான். நம் பிள்ளை சுற்று வழியில், இன்னும் ஓராண்டுச் செலவைச் சுமந்து ஏறவேண்டும்.

இந்த ஆனர்ஸ் மோகம் எங்கிருந்து வந்தது? கடல் கடந்து சற்றே பார்ப்போம். அமெரிக்காவில் ஃபை பீட்டா கப்பா என்றொரு கழகம் உண்டு. 1776 டிசம்பர் 5 அன்று, வில்லியம் அண்டு மேரி கல்லூரியின் மாணவர்கள் தொடங்கியது. கலையும் அறிவியலும் பயிலும் மாணவர்களுள் சிறந்தாரைத் தேர்ந்தெடுத்துப் பெருமை செய்யும் கழகம். அதில் சேர விண்ணப்பம் போட முடியாது, அவர்களே அழைப்பர். பணம் கொடுத்து நுழைய முடியாது. இலக்கியம் பயின்றவன் கணிதமும் அறிந்திருக்கவேண்டும், அறிவியல் பயின்றவன் வேற்றுமொழி ஒன்றும் கற்றிருக்கவேண்டும், நன்னடத்தையும் வேண்டும். இவற்றை நாம் குறை சொல்லோம். பிழைப்புக்காக மட்டும் படிக்காதே, அறிவுக்காகவும் படி என்று சொல்லும் அமைப்பு பாராட்டுக்குரியதே!

ஆனால், அதன் வரலாற்றைப் புரட்டுங்கள். முதன்முதலில் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1875இல், வெர்மான்ட் பல்கலைக்கழகத்துக் கிளை. தொடங்கித் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் கழித்து! கறுப்பின மக்களின் கல்வி நிலையங்களாகிய ஃபிஸ்க், ஹோவார்டு ஆகியவற்றில் கிளை திறந்தது 1953இல். நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று! அதுவரை பெண்களுக்குத் தகுதி இல்லாமலா இருந்தது? கறுப்பின மாணவர்க்கு அறிவு இல்லாமலா இருந்தது? இல்லை. தகுதியைக் காணும் கண்தான் இல்லாதிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே ஒரு கல்லூரியின் கலை, அறிவியல் மாணவர்களுள் பொதுவாகப் பத்து விழுக்காட்டினருக்கு மேல் தேர்ந்தெடுப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றில் மட்டுமே கிளை உண்டு. கிளையில்லாக் கல்லூரியில் படித்த மாணவன் எவ்வளவு சிறந்தவனாயினும், அவனை அழைப்பார் எவருமிலர். ஆக, மாணவனின் தகுதிக்கு முன்னே கல்லூரியின் தகுதி நிற்கிறது. கல்லூரியின் தகுதிக்குப் பின்னே பணம் நிற்கிறது. பத்து விழுக்காடு என்பதும் ஒருவகை ஒதுக்கீடு அன்றோ? நம்மவர் கேட்கும் ஒதுக்கீட்டை எள்ளி நகையாடும் கனவான்கள், இந்த ஒதுக்கீட்டுக்கு மட்டும் எழுந்து நின்று கைதட்டுகின்றனரே, அது ஏன்?

தகுதியே வேண்டாம் என்கிறீரா, பாலம் கட்டத் தெரியாதவன் பாலம் கட்டலாமா, என்று உடனே பாய்வர் சிலர். ஐயா, பொறுங்கள்! ஒரு பணியைச் செய்யும் திறன் வேறு, ஒருவர் தலையில் சூட்டும் மகுடம் வேறு. திறனை அளந்து பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நேர்மையாக அளந்து பாருங்கள் என்கிறோம். மலையடிவாரத்திலிருந்து நடந்து வந்தவளையும், உச்சிக்கு அருகே காரில் வந்து இறங்கியவனையும், நிற்கும் இடத்தை மட்டும் பார்த்து அளப்பது எந்த ஊர் நியாயம்? கடந்து வந்த தொலைவை அளக்கும் கோல் உங்களிடம் இல்லையெனில், அந்தக் குற்றம் நடந்து வந்தவளுடையதன்று.

தமிழகம் இந்தப் பாடத்தை முன்னரே படித்துவிட்டது. வகுப்புவாரி உத்தரவு செல்லாதென 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இங்கே எழுந்த கொந்தளிப்பு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு வழி வகுத்தது. அதே ஆண்டு ஜூனில் பதினைந்தாம் பிரிவில் நான்காம் உட்பிரிவு ஏறியது. 2006இல் சட்டமியற்றித் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழித்தோம். 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு ஏழரை விழுக்காடு ஒதுக்கினோம். மறு ஆண்டே பொறியியலுக்கும் சட்டத்துக்கும் அதனை விரித்தோம். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமோ, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தந்தது. அங்கே அரசுப் பள்ளியில் படித்தமையே தகுதி ஆயிற்று! எது குறை என்று எள்ளினரோ, அதுவே உரிமைச் சீட்டாக மாறிற்று. தகுதியைத் தலைகீழாகப் புரட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனினும், அத்துடன் நம் கடன் தீர்ந்ததா? தீரவில்லை. கல்லூரி வாசலைத் திறந்தோம். உள்ளே இருக்கும் உயர்ந்த படிகளில் நம் பிள்ளைகள் ஏறுகின்றனரா என்று பார்த்தோமா? அரசுக் கல்லூரிகளில் காலியாகும் பேராசிரியர் இடங்களை உடனுக்குடன் நிரப்புக என்று ஆட்சியில் எவர் இருப்பினும் கேட்போம். மலைக் கல்லூரிகளுக்கு விடுதியும் நூல்நிலையமும் கேட்போம். பட்டத்தின் உச்சிக்குச் செல்ல 75 என்று கோடு கிழிப்போர், அக்கோட்டை எட்ட ஏணியும் தரவேண்டும் என்று கேட்போம்.

கேட்பது ஒரு பாதி, செய்வது மறுபாதி. கிளைதோறும் படிப்பகம் கண்ட இயக்க மரபு நம் நாட்டுக்குரியது. செய்தித்தாள் படித்துக்காட்டிய இடத்திலே, இன்று உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை உள்ள வீட்டைத் தேடிச் செல்லுங்கள். பட்டம் பெற்ற தோழர் ஒருவர், படிக்கும் பிள்ளை ஒருவருக்குத் துணையாகுங்கள். மேடையில் தகுதியைப் பற்றி முழங்குவதினும், ஒரு மாணவியின் எழுபத்தொன்றை எழுபத்தைந்தாக்குவது பெரிய தொண்டு.

பெர்ன்ஹில்லின் மகள் ஏழாயிரம் அடி உயரத்தில் பிறந்தவள். ஏற்றமும் இறக்கமும் அவள் நாள்தோறும் நடக்கும் பாதை. அவளைப் பார்த்தா கேட்பது, உனக்கு ஏறத் தகுதி உண்டா என்று? ஏறத் தெரியும் அவளுக்கு. தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. கதவைத் திறப்பது நம் வேலை!