அவிழாத முடிச்சு

இலங்கையில் பெண் சாரணியர் இயக்கம் 1917ஆம் ஆண்டில் கண்டியிலே தொடங்கிற்று. பள்ளிப் பருவத்தில் நாமும் அதில் சேர்ந்தோம். மூவிலைச் சின்னம் அணிந்து, மூன்று விரல் உயர்த்தி, உறுதிமொழி கூறிய நாள் இன்றும் நெஞ்சில் இனிக்கின்றது. கயிற்றில் முடிச்சிடப் பழகியபோது, "இது எதற்கு உதவும்?" என்று நகைத்தோம்.

1996இல் கிளிநொச்சியினின்றும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல மல்லாவியிலே மரநிழலில் தங்கின. அவர்களுக்குத் தறப்பாள் கட்டிக்கொடுத்தபோது அம்முடிச்சுகளே கைகொடுத்தன. மாரி மழையிலும் அவை அவிழ்ந்தில.

பெற்றோர்களே, உங்கள் பெண்மக்கள் சாரணியராக விரும்பினால், "படிப்புக் கெடும்" என்று தடுத்துவிடாதீர்கள். இன்று கல்லூரியிலே கற்பிக்கும் நாம் கூறுகின்றோம்: பிறர்க்கு உதவப் பழகிய கையும் கல்வியின் பயனே அன்றோ?