தள்ளுபடியாகும் மேன்முறையீடும் தோட்டத் தொழிலாளியின் நீதியும்

தொழிலாளி ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்படும்போது சாதாரண நீதிமன்றங்களின் நுணுக்கமான நடைமுறைகளில் சிக்குண்டு அலையாமல் விரைவாக நிவாரணம் பெற வேண்டும் என்பதற்காகவே, 1957 ஆம் ஆண்டின் 62 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைகள் ஏற்படுத்தப்பட்டன. நீதியும் நியாயமுமான கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. தொழில் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வாசகம் மட்டுமே அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதியும் அங்கு தொழிலாளிக்காக ஆஜராக முடியும்.

ஆனால் பிணக்கு அச்சபையோடு முடிவடைவதில்லை. அதன் கட்டளையில் அதிருப்தியுறும் தரப்பு, சட்டப் பிரச்சினை ஒன்றை முன்வைத்து மாகாண மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். 1990 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னர், அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல விரும்புபவர் முதலில் மேல் நீதிமன்றத்திடமோ உயர் நீதிமன்றத்திடமோ அனுமதி பெற்றாக வேண்டும். இந்தப் படியிலேதான், எளிமைக்காக உருவான ஏற்பாடு மிகக் கடினமான நடைமுறையினுள் நுழைகிறது.

1990 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகள் இங்கு பிரயோகிக்கப்படுகின்றன. அனுமதி கோரும் மனு 42 நாட்களுக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும் என்பதே பின்பற்றப்படும் நியதி. எதிர்மனுதாரருக்குரிய அறிவித்தல்கள், மனுப் பிரதிகள், முகவரியிட்டு முத்திரை ஒட்டிய உறைகள் ஆகியன மனுவுடனேயே ஒப்படைக்கப்பட வேண்டும். அறிவித்தல் திரும்பி வந்துள்ளதா என்பதையும் மனுதாரர் தரப்பே பதிவாளர் காரியாலயத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இவற்றில் தவறினால் எதிர்த்தரப்பு பூர்வாங்க ஆட்சேபனை எழுப்பும். அது ஏற்கப்பட்டால், வழக்கின் தகுதி ஆராயப்படாமலேயே மனு தள்ளுபடியாகும். இவ்வாறு தள்ளுபடியான மனுக்கள் பல.

விதிகளே வேண்டாமென்பது எமது வாதமன்று. பதுளையிலோ ஹட்டனிலோ தமது நட்டஈட்டுக்காகக் காத்திருக்கும் தொழிலாளிக்கு, தொழில்தருநர் மேன்முறையீடு செய்துள்ளார் என்ற தகவலே கிடைக்காதுவிட்டால் அது பெரும் அநீதியாகும். அறிவித்தல் விதி அவரையும் பாதுகாக்கிறது. தொழில்தருநர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்கையில் பிணைப்பணம் வைப்புச் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் மேன்முறையீட்டை இழுத்தடிப்பதற்கான கருவியாக்காமல் தடுப்பதற்கே உள்ளது.

எனினும், அதே விதி இரு தரப்பிலும் ஒரே சுமையாக விழுவதில்லை என்பதை மறுக்க முடியாது. பெருங் கம்பனிக்கு ஒரு மனு தள்ளுபடியாவது செலவுக் கணக்கில் ஒரு வரி மட்டுமே. சம்பளமின்றி ஆண்டுக்கணக்கில் வழக்காடிய தொழிலாளிக்கோ அதுவே இறுதிக் கதவு. கொழும்பிலுள்ள சட்டத்தரணியிடம் ஆவணங்களை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பும் அவருக்கு, உறை ஒன்று குறைந்தது என்ற காரணம் விளங்குவதும் கடினம். அவர் இழைக்காத தவறுக்கு அவரே தண்டனை அனுபவிக்கிறார்.

ஆகவே கால எல்லை போன்ற அடிப்படை விதிகளையும், எதிர்த்தரப்புக்குப் பாதகமின்றித் திருத்தக்கூடிய குறைபாடுகளையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும். கால நீடிப்புக் கோருவதற்கு விதிகளிலேயே வழியுண்டு. குறைபாடு தெரிய வந்த உடனேயே அதனைப் பயன்படுத்துவது சட்டத்தரணிகளின் கடமையாகும். மௌனமாக இருந்துவிட்டு, ஆட்சேபனை எழுந்த பின்னர் மன்னிப்புக் கோருவது பயன்தராது.

தொழிற்சங்கங்களின் பொறுப்பும் இதில் பெரிது. சந்தா அறவிடுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. வேலைநீக்கத்திலிருந்து ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது முதல் மேன்முறையீட்டுக் கால எல்லைகள் வரை அனைத்தையும் தமிழில் எளிமையான கையேடாக அச்சிட்டு அங்கத்தவர்களுக்கு வழங்கலாம். சட்ட உதவி ஆணைக்குழுவும் தொழில் அமைச்சும் இம்முயற்சிக்குக் கைகொடுக்க வேண்டும்.

நீதிக்கு ஒழுங்கு வேண்டும். ஆனால், ஒழுங்கின் பேரில் ஒரு தொழிலாளியின் நியாயமான கோரிக்கை கேட்கப்படாமலே போகுமானால், 1957 இல் அச்சபைகளை உருவாக்கியதன் நோக்கம் பிழைத்துவிடும் என்பதைச் சம்பந்தப்பட்டோர் மறந்துவிடலாகாது.