கேம் கார்டா, டிஸ்க்கா?

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு, டிவியில் இணைத்து விளையாடும் கேம் கன்சோல் ஒன்றும் வாங்கலாமே என்ற ஆசை பலருக்கு வரும். கடைக்குப் போனால் ஒரு குழப்பம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கேம்கள் டிஸ்க்கில் வருகின்றன. நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம்களோ, கேமராவில் போடும் மெமரி கார்டு போன்ற சின்னஞ்சிறு கார்டில் வருகின்றன. எது நல்லது? கார்டுதான் என்பது என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

இந்தப் போட்டி பழையது. 1996ல் வந்த நிண்டெண்டோ 64, சிப் பொருத்திய கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்தியது. அதில் அதிகபட்சம் 64 எம்பிதான் அடங்கும். பிளேஸ்டேஷனின் ஒரு சிடியிலோ சுமார் 650 எம்பி. சிடி தயாரிக்க ஆகும் செலவும் குறைவு. 1997ல் பைனல் பேண்டஸி 7 மூன்று சிடிக்களில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. இரண்டு சிடிக்களில் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 கேமை, வீடியோ காட்சிகளோடு சேர்த்து, 1999ல் ஒரே 64 எம்பி கார்ட்ரிட்ஜில் அடைத்துக் காட்டினார்கள். பெரிய வித்தைதான். ஆனால் எல்லா கேமுக்கும் இப்படி மெனக்கெட முடியுமா? அன்று டிஸ்க் ஜெயித்தது நியாயமே.

இன்று கதை வேறு. பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை கொள்ளும். ஆனால் வேகம்? ப்ளூ-ரே டிரைவ் பத்து மடங்கு வேகத்தில் சுழன்றாலும் விநாடிக்கு 45 எம்பிதான் படிக்கும். கன்சோலுக்குள் இருக்கும் எஸ்எஸ்டியோ விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது. எனவே கேமை முதலில் எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டும். அதன் பிறகு டிஸ்க் வெறும் சாவிதான்! ஸ்விட்ச் கார்டைச் செருகினால் கேம் கார்டிலிருந்தே ஓடும். கீறல் பயமும் இல்லை. (குழந்தைகள் வாயில் போட்டு விழுங்கிவிடாமல் இருக்க அதில் கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள்.)

கார்டின் பலவீனம் விலை. டிஸ்க்கில் 10 ஜிபி பதிந்தாலும் 50 ஜிபி பதிந்தாலும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. சிப்பில் ஒவ்வொரு ஜிபிக்கும் காசு. இதனால் சில நிறுவனங்கள் சிறிய கார்டில் பாதியைப் போட்டு, மீதியை டவுன்லோட் செய்துகொள்ளச் சொன்னார்கள். 2025ல் ஸ்விட்ச் 2 வந்தபோது இன்னும் ஒரு படி போய், கேம் கீ கார்டு என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். கார்டுக்குள் கேமே கிடையாது. முழுவதையும் டவுன்லோட் செய்ய வேண்டும். செய்த பிறகும், விளையாடும்போதெல்லாம் கார்டைச் செருக வேண்டும்!

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விலை குறைவு, மற்றவருக்கு விற்கலாம் என்பார்கள். ஆனால் கேம் இருப்பது அவர்களுடைய சர்வரில். வீ கன்சோலின் ஆன்லைன் கடை 2019லும், 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023லும் மூடப்பட்டதை மறந்துவிடக் கூடாது. முழு கேமையும் தர முடியாது என்பதும் சரியல்ல. சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேமே ஸ்விட்ச் 2க்கு 64 ஜிபி கார்டில் முழுமையாக வந்ததே!

ஸ்விட்ச் 2 கேம் வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தில், கீழே பாருங்கள். சாவிப் படம் இருந்தால் அது கேம் கீ கார்டு. எத்தனை ஜிபி காலி இடம் தேவை என்பதையும் அங்கேயே போட்டிருப்பார்கள். ஸ்விட்ச் 2ல் மொத்தமே 256 ஜிபிதான். கணக்குப் போட்டு வாங்குங்கள்.