பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் வேண்டுமா?



"லேண்ட் ரோவர்னா ஒழுகத்தான் செய்யும். ஒழுகாம நின்னாத்தான் பயப்படணும், உள்ளே எண்ணெய் தீர்ந்து போச்சுன்னு அர்த்தம்!" ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் இந்த வேடிக்கைப் பேச்சைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். கேட்டுச் சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் பட்டறைக்காரர் இதையே பதிலாகச் சொல்லும்போதும் நாம் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறோமே, அதைப் பற்றித்தான் இன்று நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

கேமரன் மலைக்கும் இந்த வண்டிக்கும் உள்ள உறவை வெளியாருக்குச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். 1948-இல் இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 'சீரிஸ்' என்ற பழைய வகையைச் செய்வது 1985-இல் நின்றது. பழைய 'டிஃபெண்டர்' 2016-இல் நின்றது. நம் மலையிலோ அவை இன்னும் கோஸ் கூடையையும் உரமூட்டையையும் ஏற்றிக்கொண்டு சகதியில் ஏறி இறங்குகின்றன. இன்று கொழுந்து எடுக்கும் வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். நம் ஆட்களில் பலர் வண்டி ஓட்டியும், சுற்றுப்பயணிகளை ஏற்றியும், காய்கறித் தோட்டத்துக்குச் சாமான் அடித்தும் பிழைக்கிறார்கள். சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வண்டியாக இருக்கும். அது ஒரு நாள் நின்றால் அன்றைய வரும்படி நின்றது.

அப்படிப்பட்ட வண்டியைப் பட்டறையில் விடுகிறோம். எண்ணெய் மாற்றுகிறார்கள், மேல்மூடியைக் கழற்றி வால்வு பார்க்கிறார்கள், பில் போடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலில் கறுப்புப் பொட்டு. திரும்பப் போய்க் கேட்டால் தவுக்கே நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "கெரேத்தா லாமா, மேமாங் போச்சோர் லா." பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும். முடிந்தது வழக்கு!

முதுமையால் வரும் ஒழுக்கு மெல்ல மெல்ல வரும். முதலில் ஈரம் கசியும், அதில் தூசி ஒட்டும், மாதக்கணக்கில் கழித்துத்தான் சொட்டும். ஸ்பேனர் பட்ட நாள் வரை பொறுத்திருந்து, மறுநாள் ஒழுகத் தொடங்குகிற முதுமை எங்கேயாவது உண்டா? திறந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பில்டரைக் கழற்றும்போது அரைக் கோப்பை எண்ணெய் சட்டத்தின்மேல் சிந்தும். அதைத் துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாள் சொட்டிவிட்டுத் தானாக நின்றுவிடும். அது ஒழுக்கே அல்ல, சோம்பேறித்தனம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டால் நம் மரியாதைதான் போகும். அங்கே ஸ்பேனர் பிடிக்கிற பையன் நம்ம லயத்துப் பையனாகவும் இருக்கலாம். ஆகவே சண்டைக்கு முன் சோதனை.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பழைய பிரஷ்ஷால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கைக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கழுவாமல் தேடுவது வீண். சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். தானா ராத்தா வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பவுடர் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, எது மிக முன்னால் இருக்கிறதோ, அங்கேதான் ஊற்று. ஏனென்றால் எண்ணெய் கீழே வழியும், காற்றாடியும் ஓட்டக் காற்றும் அதைப் பின்னுக்குத் தள்ளும். பின்னால் சொட்டுகிறது என்று பின் சீலை மாற்றச் சொல்லி, கியர்பெட்டியை இறக்கக் கூலி கொடுத்து, கடைசியில் குற்றவாளி மேல்மூடிக் கேஸ்கட் என்று தெரிந்தால் வயிறு எரியுமா எரியாதா?

எண்ணெய் மாற்றியபின் வரும் ஒழுக்கில் என் சந்தேகம் முதலில் பில்டர் மேல்தான். பழைய சீரிஸ் வண்டியில் பில்டர் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிண்ணத்தின் வாய்க்கு மேலே ஒரு பள்ளம், அதில் ரப்பர் வளையம். பழைய வளையம் காய்ந்து பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் அதைப் பார்க்காமல் அதன்மேலேயே புது வளையத்தை வைத்து முறுக்கிவிடுவார்கள். நிற்கும்போது சொட்டாது. எஞ்சின் ஓடி, எண்ணெய் அழுத்தம் ஏறியதும் பீறிடும். முழுதாகத் திருகி மாட்டும் புதுவகைப் பில்டரிலும் இதே கதைதான். இது வண்டியின் வயசா, வேலையின் குறையா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது, எண்ணெய் இறக்கும் போல்ட்டின் வாஷர். சில காசு பெறுமானமுள்ள சாமான். நசுங்கிய பழையதையே திரும்பப் போடுவார்கள். கப்சாய் மோட்டார் சைக்கிளில் இதைவிடக் கெடுதி, அளவுக்கு மீறி முறுக்கி அலுமினிய மரையையே கிழித்துவிடுவது. அந்தச் சின்ன எஞ்சினுக்குள் இருப்பதே ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய். லேண்ட் ரோவரின் சுமார் 6 லிட்டரில் கால் லிட்டர் குறைந்தால் தாங்கும், கப்சாய் தாங்காது.

மேல்மூடியின் கார்க் கேஸ்கட்டும் அப்படியே. இறுக்கினால் நிற்கும் என்று நினைத்து இறுக்குவார்கள். கார்க் பிதுங்கி உடைந்து இன்னும் ஒழுகும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும், மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலும், உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலிலும் கசியும். டிப்ஸ்டிக்கைச் சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுங்கை பாலாஸிலும் ஹாபுவிலும் சமதளத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? அதுவும் நியாயம்தான். ஆலை முற்றமோ பள்ளித் திடலோ, ஒரே இடத்தை வைத்துக்கொண்டு எப்போதும் அங்கேயே பாருங்கள்.

உண்மையிலேயே வயசு செய்யும் வேலையும் உண்டு. கிராங்க் தண்டின் பின்பக்கச் சீல் தேய்வது அதில் ஒன்று. சீரிஸ் வண்டியில் ஃபிளைவீல் கூண்டின் அடியில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். ஆற்றில் இறங்கும்போது மட்டும் அதை அடைக்க வேண்டும், மற்ற நாளில் திறந்தே இருக்க வேண்டும். அந்தத் துளையில் சொட்டினால் எஞ்சின் சீலோ கியர்பெட்டிச் சீலோ போயிருக்கிறது. கியர் எண்ணெய்க்குக் கந்தக நாற்றம் இருக்கும், முகர்ந்தாலே தெரியும். துளையை அடைத்தே வைத்தால் எண்ணெய் உள்ளே தேங்கி கிளட்சை நனைத்துவிடும். பாரம் ஏற்றிய வண்டி ஏற்றத்தில் வழுக்கும். தாப்பா சாலையின் வளைவுகளில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஊற்று அகப்பட்டுவிட்டதா? உடனே வேறு பட்டறையில் கொடுத்துப் பிரிக்காதீர்கள். பிரித்தால் சாட்சி போய்விடும். கைத்தொலைபேசியில் படம் பிடித்து, பில்லை எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போங்கள். "ஒழுகுது தவுக்கே" என்று மொட்டையாகச் சொல்லாமல், "கழுவிப் பார்த்தாச்சு, இந்த வளையத்துல இருந்து வருது, நீங்க போட்டது" என்று இடத்தைக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் அங்கேயே குனிந்துவிடுவார். பெரும்பாலும் இதோடு தீரும்.

இங்கேதான் நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம். அந்தப் பட்டறையில் கடன் புத்தகத்தில் பெயர் இருக்கும். போன டயருக்கு இன்னும் 80 வெள்ளி பாக்கி. எந்த முகத்தோடு கேட்பது? ஐயா, கடன் வேறு, வேலை வேறு. பாக்கியை அவர் ஒரு காசு விடாமல் வாங்கத்தானே போகிறார்? வாங்கும் காசுக்கு வேலையும் முழுசாக இருக்கட்டும்.

மறுத்தால் சட்டம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, கூலி வாங்கிச் செய்யும் வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 5 வெள்ளி போதும், வக்கீல் தேவையில்லை, 3 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். 2019-இல் திருத்தம் செய்தபின் 50,000 வெள்ளி வரை கோரலாம். தீர்ப்புக் கிடைத்து 14 நாள் ஆகியும் பட்டறைக்காரர் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். வீட்டு உபயோக வண்டிக்கும் கப்சாய்க்கும் இந்த வழி நேரானது. வாடகைக்கு ஓட்டும் வண்டி என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதி யோசனை கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இதற்கெல்லாம் கையில் பில் வேண்டும். வண்டி எண், தேதி, என்ன வேலை, எந்தச் சாமான் புதுசு என்று எழுதிய பில். துண்டுக் காகிதத்தில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தால், சாவியை வாங்கும் முன்பே திருப்பிக் கொடுத்து, "அண்ணே, கொஞ்சம் விவரமா எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள்.