எத்தனை என்று கேட்காமல் விட்டோம்

நான்கு வயதுப் பிள்ளை ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தால், விருந்தாளி முன்னால் நிறுத்தி இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறோம். அதே பிள்ளைக்கு முன்னால் ஒரு கை புளியங்கொட்டையைக் கொட்டி, "இதில் ஏழு எடுத்துக் கொடு" என்று நம்மில் யார் கேட்டோம்? கேட்டிருந்தால், பல பிள்ளைகள் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுப்பதைப் பார்த்திருப்போம்.

அது பிள்ளையின் குறையில்லை. ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், எண்களின் வரிசை மாறாது, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பவையெல்லாம் மெல்ல மெல்ல வந்து சேரும் அறிவு. 1978-இல் உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் சார்லஸ் கேலிஸ்டலும் தங்கள் நூலில் இந்த விதிகளைப் பிரித்து விளக்கினார்கள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் தொகை மாறாது என்பதையும் அதில் சேர்த்தார்கள். பயிற்சி நோட்டில் அச்சடித்த ஐந்து ஆப்பிள்களை வைத்துப் பிள்ளைக்கு இதை எப்படிப் புரியவைப்பது? படம் நகராது. கொட்டையைக் குவிக்கலாம், பரப்பலாம், இடம் மாற்றி மறுபடி எண்ணலாம்.

வேண்டியதெல்லாம் வாசலிலேயே இருந்தது. ஒற்றை நந்தியாவட்டைக்கு ஐந்து இதழ். ஒற்றைச் செம்பருத்திக்கும் ஐந்து. இட்லிப்பூவுக்கு நான்கு. வில்வத்தில் காம்புக்கு மூன்று இலை. நொச்சியில் சில காம்புகளில் மூன்று, சிலவற்றில் ஐந்து. எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதனாலேயே எண்ணப் பழகும் பிள்ளைக்கு நொச்சியைவிட நல்ல செடி எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அஞ்சாங்கல் இருந்தது. ஒரு கல்லை மேலே எறிந்துவிட்டு, தரையிலுள்ள நான்கையும் முதலில் ஒவ்வொன்றாக, அப்புறம் இரண்டிரண்டாக, அப்புறம் மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் ஒரேயடியாக அள்ள வேண்டும். நான்கு எப்படியெல்லாம் பிரியும், எப்படியெல்லாம் சேரும் என்பது கைக்குப் பழகிவிடும். பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு" என்று எடுக்கும் பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. இதையெல்லாம் நாம் பொங்கல் விழாவில் கண்காட்சிக்கு வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். மறுநாள் பலகை பரணுக்குப் போனது.

மண்ணில் விட்டால் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும் என்று சொல்லித் திரிந்ததும் நாம் தேடிக்கொண்ட சாக்குதான். மண் தானாக எண்ணச் சொல்லித் தராது. மாசி, பங்குனியில் திண்ணையில் புளி தட்டியபடியே, "உன் பங்கில் எத்தனை கொட்டை? அவனுக்கு எத்தனை? யாருக்குக் கூட?" என்று கேட்க ஒரு பாட்டி இருந்தாள். கேள்விதான் பாடம். நாம் கொட்டை நீக்கிய புளியைப் பாக்கெட்டில் வாங்கினோம். அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலையை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளை கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளும் என்ற பயம் நியாயமானது. பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் அதற்கு வழி. நமக்கு நேரமில்லை என்று போனைக் கொடுத்தோம்.

கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, செடிகொடிகளுக்கும் பூச்சிகளுக்கும் நடுவே பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று பார்த்துத் தன் சிந்தனையை விரித்தார். அது நம் மலையில் நடந்தது. நாம் அவர் பெயர் போட்ட பள்ளிகளைத் தேடிப் போய், பிள்ளை வாரத்துக்கு எத்தனை பக்கம் எழுதுகிறது என்றுதான் விசாரித்தோம்.

பள்ளி முற்றத்தில் சேறு என்று புகார் சொன்னவர்களும் நாம்தான். முன்னாள் மாணவர்களாகப் பணம் திரட்டிப் பேவர் பிளாக் பதித்தோம், வேர் கல்லைத் தூக்குகிறது என்று மரத்தை வெட்டச் சம்மதித்தோம். பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. வசதி வந்ததும் நாம் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பவில்லை. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது, செயலியில் ஏற்றுவது என்று அங்குள்ள டீச்சரின் பொழுது போகிறது. பிள்ளைகளோடு வேப்பமரத்தடியில் உட்கார அவருக்கு மிஞ்சும் நேரம் கொஞ்சம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலர்தான். அடுத்த கூட்டத்தில் எங்கே கல் பதிப்பது என்று பேசுவதற்கு முன், எந்த இடத்தை மண்ணாகவே விடுவது, அங்கே வில்வம் வைப்பதா நொச்சி வைப்பதா என்று நாம் கேட்கலாம். அங்கன்வாடி டீச்சருக்கு எழுத்து வேலையைக் குறைக்கச் சொல்லும் மனுவிலும் கையெழுத்துப் போடலாம். இந்த இரண்டையும் நாம் இதுவரை செய்யவில்லை.