விண்ணப்பமே முதல் தேர்வு

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் உயர்கல்வி பெறவேண்டும் என்பதில் நம்மிடையே இரு கருத்துகள் இருத்தற்கில்லை. ஆயினும், அக்கல்விக்குச் செல்லும் வழி இன்று எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அங்கத்தினர்களில் பலர் இன்னும் உணரவில்லை. கல்லூரி வாயிலுக்கு முன்னே நுழைவுத் தேர்வு நிற்கிறது; அத்தேர்வுக்கும் முன்னே விண்ணப்பம் நிற்கிறது. தேர்வைப் பற்றி ஊரெங்கும் பேச்சு நடக்கிறது. விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவாரில்லை.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கென நடந்துவந்த மாநில நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதனால் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கு மாநிலக் கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே இடமளிக்கப்பட்டு வருகிறது. மருத்துவத்திற்கோ 2017 முதல் நீட் தேர்வு இங்கும் நடைமுறைக்கு வந்தது. திருவாரூரில் உள்ளது போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் கியூட் என்னும் பொதுத் தேர்வு வந்தது. இத்தேர்வுகள் வேண்டுமா, வேண்டாமா என்னும் விவாதத்தில் நாம் இங்குப் புகவில்லை. வேண்டாம் என்று வாதிடுவோரின் பிள்ளைகளும் உரிய நாளில் விண்ணப்பித்தே ஆகவேண்டும் என்பதே நாம் கூறவருவது.

2025ஆம் ஆண்டின் நீட் தேர்வை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை இணையவழி விண்ணப்பங்கள் பெறப்பட்டன. பிழை திருத்த மார்ச் 9 முதல் 11 வரை மூன்றே நாட்கள் அளிக்கப்பட்டன. அவ்வாண்டுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு ரூ. 1,700, பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் ரூ. 1,600, ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு ரூ. 1,000. புகைப்படம், கையொப்பம், விரல் ரேகை, சான்றிதழ் ஆகிய யாவும் குறித்த அளவில் ஏற்றப்படவேண்டும். படித்த குடும்பத்தார்க்கு இஃது ஒரு மாலைப்பொழுதின் வேலை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் பிள்ளைக்கோ இதுவே பெரியதொரு தேர்வாகிவிடுகிறது.

இடறல்கள் பெரும்பாலும் நான்கு இடங்களில் நேர்கின்றன. முதலாவது, பெயர். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னும், ஆதாரில் பின்னும் இருக்கும். அல்லது தந்தையின் முழுப்பெயர் சேர்ந்திருக்கும். இரண்டும் ஒத்திராவிடில் பின்னர் அலைச்சலே மிஞ்சும்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். நம் அங்கத்தினர் பலரிடம் இருப்பது மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். அனைத்திந்திய ஒதுக்கீட்டு இடங்களில் 2021 முதல் வழங்கப்படும் 27 விழுக்காட்டு உரிமையைப் பெறுவதற்கு மத்திய அரசுப் படிவத்தில் வேறொரு சான்றிதழ் வேண்டும். அதனை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்னரே பெற்று வைக்காதவர் கடைசி நாளில் ஓடுகின்றனர். சிலர் பொதுப் பிரிவு என்றே குறித்துவிடுகின்றனர்.

மூன்றாவது, மொழி. 2025ஆம் ஆண்டில் வினாத்தாள் தமிழ் உட்பட 13 மொழிகளில் வழங்கப்பட்டது. ஆயினும் எம்மொழி வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடவேண்டும். தமிழில் எழுதுவோர்க்கு ஆங்கில மூலமும் உடன் தரப்படுகிறது. ஐயம் எழுமிடத்து ஆங்கில வாசகமே முடிவானது. 2018இல் தமிழ் வினாத்தாளின் மொழிபெயர்ப்புப் பிழைகளுக்காக 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும், உச்சநீதிமன்றம் அதனை நீக்கியதும் நினைவிருக்கலாம். ஆதலின் மொழித் தெரிவு சிந்தித்துச் செய்யத்தக்கது.

நான்காவது, கைப்பேசி எண். விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்காரர் தம் எண்ணையோ, தம் மின்னஞ்சலையோ இட்டுவிடுகிறார். அதன்பின் வரும் இரகசிய எண்ணும், நுழைவுச் சீட்டு பற்றிய அறிவிப்பும் அவரிடமே போய்ச் சேர்கின்றன. நம் பிள்ளையின் எதிர்காலம் வேறொருவர் சட்டைப்பையில் கிடக்கிறது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தோர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்த நல்ல வாய்ப்பு இது. எனினும் நீட் எழுதித் தகுதி பெற்றோரே இதனை அடைய இயலும். விண்ணப்பம் தவறினால் ஒதுக்கீடும் தவறும். ஓராண்டு உழைப்பும் வீணாகும்.

ஆகவே நாம் கூறும் யோசனை இது. ஆண்டுதோறும் விண்ணப்பக் காலத்தில், சங்க அலுவலகம் அங்கத்தினர் பிள்ளைகளின் விண்ணப்பப் பணியை மேற்கொள்ளவேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல இ-சேவை மையங்களை நடத்திவருகின்றன. நெசவாளர் சங்கங்களிலும் கணக்கெழுதக் கணிப்பொறி வந்துவிட்டது. புதிய செலவு அதிகமில்லை. டிசம்பர் மாதத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்து, பெயரையும் சான்றிதழ்களையும் ஒத்துப்பார்க்கலாம். மாணவரே தம் கையால் நிரப்பட்டும்; எண்ணும் மின்னஞ்சலும் குடும்பத்தினுடையதாகவே இருக்கட்டும்; சங்க எழுத்தர் அருகிலிருந்து ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டட்டும். திருத்த நாட்களில் மீண்டும் ஒருமுறை படிக்கட்டும். கட்டணத்திற்குப் பணமில்லாத அங்கத்தினர்க்கு முன்பணம் கொடுத்து, கூலியிலோ விளைபொருள் தொகையிலோ சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளலாம்.

'நூலும் கடனும் வழங்குவதன்றோ சங்கத்தின் வேலை? இது எதற்கு?' என்று சிலர் வினவக்கூடும். 1844இல் இங்கிலாந்தின் ராக்டேலில் சங்கம் கண்ட முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். அச்சங்கம் பின்னர்த் தன் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. கல்வியைக் கூட்டுறவின் கோட்பாடுகளுள் ஒன்றாக உலகக் கூட்டுறவு இயக்கம் இன்றும் போற்றுகிறது. மேலும், அங்கத்தினருக்கும் சந்தைக்கும் இடையே நின்ற தரகரை அகற்றுவதற்கன்றோ நாம் சங்கம் கண்டோம்? விண்ணப்பத்திற்கும் பிள்ளைக்கும் இடையே நிற்கும் தரகரும் அவ்வினத்தவரே.

'பிழை நேர்ந்தால் பழி சங்கத்தின் மீது விழாதா?' என்பது மற்றொரு வினா. இது நியாயமான அச்சமே. அதனாற்றான் மாணவரே நிரப்பவேண்டும், பெற்றோர் முன்னிலையில் படித்துக் காட்டவேண்டும் என்கிறோம். கூடியிருந்து இருமுறை படித்த தாளில் நேரும் பிழை, தனியே அவசரத்தில் நிரப்பிய தாளில் நேரும் பிழையினும் குறைவாகவே இருக்கும்.

பாவில் ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதனைப் பிணைத்த பின்னரே நெய்கிறோம்; அறுந்ததைக் காணாது நெய்த துணியை எவரும் வாங்குவதில்லை. பிள்ளையின் படிப்பிலும் அந்தக் கவனம் வேண்டும். இடம் கிடைப்பது அவர்தம் உழைப்பையும் போட்டியையும் பொறுத்தது; விண்ணப்பம் பிழையின்றிப் போய்ச் சேருவது நம் கையில் உள்ளது. வரும் பொதுக்குழுவில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவினரையும் கேட்டுக்கொள்கிறோம்.