நாள் ரேட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்

பிரிட்டனில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் சங்கத்திடம் முதலில் கேட்பது இதைத்தான்: ஏஜென்சி சம்பளப் பட்டியலில் சேர்வதா, சொந்தமாக லிமிடெட் கம்பெனி தொடங்குவதா? கேட்பவர் கையில் பெரும்பாலும் இரண்டு நாள் ரேட் இருக்கும். கம்பெனிக்குச் சொன்னதுதான் பெரிது.

அந்த வித்தியாசம் முழுக்க லாபம் அல்ல. ஏஜென்சி வழியே போனால் ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஓய்வூதியச் சேமிப்பில் முதலாளியின் பங்கும் உண்டு. ஒரே இடத்தில், ஒரே வேலையில் 12 வாரம் முடிந்தால் அங்குள்ள ஊழியருக்கு இணையான அடிப்படைச் சம்பளம் கேட்கலாம். 2011 அக்டோபர் முதல் சட்டம் அப்படி. சொந்தக் கம்பெனியில் இதெல்லாம் நம் கைக்காசு. 2020 கொரோனா முடக்கத்தில் அரசு கொடுத்த 80 சதவீத ஊதிய உதவிகூட, கம்பெனி இயக்குநர்கள் தமக்குப் போட்டுக்கொண்ட சம்பளத்துக்குத்தான் கிடைத்தது. டிவிடெண்டாக எடுத்த பணம் கணக்கிலேயே வரவில்லை.

வரி மிச்சமாகும் என்பார்கள். ஆகும்தான், ஐ.ஆர்.35 விதிக்குள் சிக்காதவரை. பெயருக்குக் கம்பெனி வைத்துக்கொண்டு ஊழியர் போலவே வேலை பார்ப்பவரிடம் ஊழியருக்குரிய வரியை வாங்க 2000இல் வந்த விதி அது. நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களில் 2021 ஏப்ரல் முதல் இதைத் தீர்மானிப்பது வேலை வாங்கும் நிறுவனம், நாம் அல்ல. சிக்கினால் ஊழியருக்குரிய வரி போகும், ஊழியருக்குரிய உரிமை வராது, கணக்காளர் கட்டணமும் நம் தலையில். மத்தளம்போல இரு பக்கமும் இடி.

ஆகவே, ஒரே நிறுவனத்துக்கு, அவர்கள் சொல்லும் நேரத்தில், சொல்லும் விதத்தில் வேலை என்றால் ஏஜென்சி சம்பளப் பட்டியலே சரி என்பது எங்கள் நிலைப்பாடு. பல வாடிக்கையாளர்கள், தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பும் உரிமை, தவறைத் தன் செலவில் சரிசெய்யும் பொறுப்பு எல்லாம் உள்ளவர் கம்பெனி தொடங்கட்டும். “கம்பெனி இருந்தால்தான் வேலை” என்று ஏஜென்சி வற்புறுத்துவதை எதிர்க்கிறோம்.

தொடங்குவோருக்கு ஒன்று. ஏஜென்சி நீட்டும் காகிதக் கட்டின் நடுவே, 2003ஆம் ஆண்டு ஏஜென்சி நடத்தை விதிகளிலிருந்து விலகச் சம்மதிக்கும் கடிதம் ஒன்று இருக்கக்கூடும். வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்று காரணம் காட்டி, செய்த வேலைக்கான பணத்தை ஏஜென்சி நிறுத்தக் கூடாது என்பது அந்த விதிகளில்தான் இருக்கிறது. விலகினால்தான் வேலை என்று நிபந்தனை போட ஏஜென்சிக்கு உரிமையில்லை. அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம்.